நான்கு ஸ்லாட்டுகள், இரண்டு சேனல்கள்

மேசைக்கணினிக்கான மதர்போர்டு ஒன்றை எடுத்துப் பார்த்தால், செயலி அமரும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ரேம் செருகுவதற்கென நான்கு நீண்ட ஸ்லாட்டுகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். நான்கும் ஒரே நீளமும் ஒரே அமைப்பும் கொண்டவை என்பதால், எதில் செருகினாலும் ஒன்றுதான் என்று முதன்முறையாகக் கணினி அசெம்பிள் செய்பவர் எண்ணுவது இயல்பு. உண்மையில் அந்த நான்கும் செயலியுடன் நான்கு தனித்தனி வழிகளால் இணைக்கப்பட்டவை அல்ல. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வாங்கப்படும் இன்றைய மேசைக்கணினிச் செயலிகளில் நினைவகத்துக்கென இருக்கும் வழிகள் இரண்டே. சேனல் எனப்படுவது இந்த வழிதான். ஒரே விலை கொடுத்து வாங்கிய ரேம், செருகப்பட்ட இடத்தைப் பொறுத்து இரு வழிகளையும் நிறைத்து இயங்கலாம், ஒன்றை வெறுமையாக விட்டுவிட்டும் இயங்கலாம். இரண்டு நிலையிலும் கணினி எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் இயங்கிவிடுவதால், தம் கணினி பாதி வழியில் ஓடிக்கொண்டிருப்பதை ஆண்டுக்கணக்கில் அறியாதவர்கள் பலர்.

ரேம் ஸ்டிக்கின் மேல் வரிசையாகத் தெரியும் கருப்புச் சில்லுகள் டிராம் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர் ராபர்ட் டெனார்ட் 1966ஆம் ஆண்டு உருவாக்கி 1968இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், ஒரு பிட் தரவைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியுமே போதும். மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், வழக்கமான வெப்பநிலையில் 64 மில்லிநொடிக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். இத்தனை எளிய அமைப்பால்தான் சின்னஞ்சிறு பரப்பில் கோடிக்கணக்கான பிட்டுகளைக் குறைந்த விலையில் அடக்க முடிகிறது; அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியிருப்பது வேகம். 4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் செயலி ஒரு சுழற்சியைக் கால் நானோநொடியில் முடித்துவிடும்போது, நினைவகத்திடம் கேட்ட தரவு கைக்கு வந்து சேரப் பல பத்து நானோநொடிகள் ஆகின்றன. இந்த இடைவெளியை மறைக்கவே செயலிக்குள் கேஷ் எனப்படும் சிறிய, வேகமான நினைவகம் வைக்கப்பட்டிருக்கிறது. கேஷில் கிடைக்காத தரவுக்காக மட்டும் செயலி ரேமை நாடுகிறது. நாடும்போது ஒரு பைட், இரண்டு பைட் என்று கேட்காமல், 64 பைட் கொண்ட ஒரு கட்டாகவே கேட்டுப் பெறுகிறது. இந்த 64 என்ற எண் பின்னால் மீண்டும் வரும்.

டிடிஆர்4 வகை நினைவகத்தில் ஒரு சேனல் என்பது, செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தியிலிருந்து புறப்படும் 64 தரவுக் கம்பிகளும், எந்த முகவரியில் படிப்பது, எங்கே எழுதுவது என்ற கட்டளைகளை எடுத்துச் செல்லும் கம்பிகளும் சேர்ந்த ஒரு தொகுதி. கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் தரவு நகர்வதால், ஒரு துடிப்புக்கு இரண்டு நகர்வுகள் கிடைக்கின்றன. டிடிஆர் என்ற பெயர் குறிக்கும் இரட்டை வேகம் இதுவே. ஆகையால் டிடிஆர்4-3200 என்று விற்கப்படும் ஸ்டிக்கின் உண்மையான கடிகார வேகம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். 3200 என்பது ஒவ்வொரு கம்பியிலும் ஒரு நொடிக்கு நிகழும் நகர்வுகளை மில்லியன் கணக்கில் சொல்வது. சோதனை மென்பொருளில் 1600 என்று பார்த்து ஏமாற்றப்பட்டதாக யாரும் கலங்க வேண்டியதில்லை. 64 கம்பிகள் என்றால் ஒரு நகர்வுக்கு 8 பைட். அதை 3,200 மில்லியனால் பெருக்கினால் ஒரு சேனல் ஒரு நொடியில் கடத்தக்கூடியது 25.6 ஜிபி. இரண்டு சேனல்களும் நிறைந்திருந்தால் 51.2 ஜிபி. ஸ்டிக்கின் தரத்தையோ கொள்ளளவையோ மாற்றாமல், இருக்கும் இடத்தை மட்டும் மாற்றி இந்த இரட்டிப்பைப் பெற முடியும்.

இரண்டு சேனல்கள் இருக்கும்போது கட்டுப்படுத்தி அடுத்தடுத்த முகவரிகளை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பகிர்ந்தளிக்கிறது. இதனால் ஒரு பெரிய கோப்பைப் படிக்கும்போது இரு பக்கங்களிலிருந்தும் தரவு ஒரே நேரத்தில் வந்துசேர்கிறது. எனினும் இரண்டு சேனல் என்றால் ரேம் இரண்டு மடங்கு விரைவாகப் பதிலளிக்கும் என்று பொருள்கொள்வது தவறு. ஒரு கிணற்றில் இரண்டு ராட்டினங்களைப் பொருத்தினால் ஒரு குடம் மேலே வர ஆகும் நேரம் குறைவதில்லை, காத்து நிற்பவர்களின் வரிசைதான் குறைகிறது. நினைவகத்திலும் நடப்பது அதுவே. தனியொரு கோரிக்கையின் தாமதம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். செயலியின் பல கருக்கள் ஒரே சமயத்தில் கோரிக்கைகளைக் குவிக்கும்போது அவை தேங்காமல் நகரும்.

ஸ்டிக்குகளை இணையாகச் செருகும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1990களில் வந்த பென்டியம் செயலியின் தரவு வழி 64 பிட் அகலமுடையது. அன்று புழங்கிய 72 பின் சிம் ஸ்டிக் ஒவ்வொன்றும் 32 பிட் மட்டுமே தரும் என்பதால், இரண்டு ஸ்டிக்குகளைச் சேர்த்துப் போடாவிட்டால் கணினி இயங்கவே இயங்காது. 64 பிட் அகலமுள்ள 168 பின் டிம் ஸ்டிக் வந்தபின் ஒற்றை ஸ்டிக் போதும் என்ற நிலை பிறந்தது. 2000ஆம் ஆண்டு பென்டியம் 4 செயலியுடன் வந்த ராம்பஸ் வகை நினைவகம் மீண்டும் இணையைக் கட்டாயமாக்கியதோடு, வெற்று ஸ்லாட்டுகளில் சில்லு இல்லாத ஒரு தொடர்ச்சிப் பலகையையும் செருகச் சொன்னது, அது நிலைக்கவில்லை. சாதாரண டிடிஆர் நினைவகத்தில் இரண்டு சேனலை 2001இல் என்விடியாவின் என்ஃபோர்ஸ் சிப்செட் ஏஎம்டி கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 2003இல் இன்டெலின் 865, 875பி சிப்செட்டுகள் அதைப் பரவலாக்கின.

அதே 2003இல் நடந்த மற்றொரு மாற்றம் இன்னும் அடிப்படையானது. அதுவரை மதர்போர்டின் சிப்செட்டில் இருந்த நினைவகக் கட்டுப்படுத்தியை ஏஎம்டி தன் ஆத்லான் 64 செயலிக்குள்ளேயே கொண்டுவந்தது. இன்டெல் 2008இல் முதல் கோர் ஐ7 செயலிகளில் அதைச் செய்தது. அன்றுமுதல் எத்தனை சேனல் என்பதை முடிவு செய்வது செயலிதான். மதர்போர்டு தன் பங்குக்கு அந்தக் கம்பிகளை ஸ்லாட்டுகள் வரை கொண்டுசேர்க்கிறது, அவ்வளவே. அந்த முதல் கோர் ஐ7 மூன்று சேனல் கொண்டது. தொழில்முறைப் பணிகளுக்காக ஏஎம்டி 2017இல் வெளியிட்ட திரெட்ரிப்பர் நான்கு சேனல் கொண்டது. 2022இல் வந்த எபிக் ஜெனோவா சர்வர் செயலியில் பன்னிரண்டு. சாதாரண மேசைக்கணினிப் பிரிவில் இரண்டு என்ற எண்ணிக்கை மட்டும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மாறவில்லை. எனவே நான்கு ஸ்லாட் உள்ள போர்டை வாங்கி நான்கிலும் ஸ்டிக்குகளை நிரப்பினாலும் சேனல் இரண்டுதான். கொள்ளளவு கூடும், வழி அகலாது.

அந்த நான்கு ஸ்லாட்டுகள் செயலியின் பக்கத்திலிருந்து முறையே ஏ1, ஏ2, பி1, பி2 என்று பெரும்பாலான போர்டுகளில் பெயரிடப்பட்டிருக்கும். எழுத்து சேனலையும், எண் அந்தச் சேனலில் ஸ்லாட்டின் வரிசையையும் குறிக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஏ1, ஏ2 இரண்டிலும் இரண்டு ஸ்டிக்குகளைச் செருகிவிட்டால், இரண்டும் ஒரே சேனலைப் பகிர்ந்துகொள்ள, பி சேனல் வெறுமையாகக் கிடக்கும். முதல்முறை அசெம்பிள் செய்பவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான். ஆகவே ஏ சேனலில் ஒன்று, பி சேனலில் ஒன்று என்று செருக வேண்டும் என்பது தெளிவு. ஆனால் ஏ1, பி1 என்று செருகாமல் ஏ2, பி2 என்று, அதாவது செயலியிலிருந்து இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டுகளில் செருகும்படி மதர்போர்டுக் கையேடுகள் சொல்வதற்கு மின்னியல் சார்ந்த ஒரு காரணம் இருக்கிறது.

இன்றைய போர்டுகளில் பெரும்பாலானவை டெய்சி செயின் என்ற முறையில் அமைக்கப்படுகின்றன. செயலியிலிருந்து வரும் கம்பி முதலில் ஏ1 ஸ்லாட்டைத் தொட்டு, அங்கிருந்து தொடர்ந்து ஏ2இல் போய் முடிகிறது. ஸ்டிக் ஏ1இல் மட்டும் இருந்தால், ஏ2 வரை நீளும் மிச்சக் கம்பி எதிலும் சேராமல் திறந்து நிற்கும். வேகமான மின்குறிப்பு அந்தத் திறந்த முனைவரை ஓடி, எதிரொலித்துத் திரும்பி வந்து, அடுத்து வரும் குறிப்போடு மோதிக் குழப்பும். டிடிஆர்5-6000 வேகத்தில் ஒரு பிட் கம்பியில் நிலைத்திருக்கும் நேரம் ஏறத்தாழ 167 பிக்கோநொடி மட்டுமே. அந்த நேரத்தில் குறிப்பு போர்டின் செப்புத் தடத்தில் கடக்கும் தூரம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். அத்தகைய வேகத்தில் ஒரு சில சென்டிமீட்டர் நீளமுள்ள வெற்றுக் கம்பியும் தரவைச் சிதைக்கப் போதும். ஸ்டிக் ஏ2இல் இருந்தால், கம்பியின் கடைசி முனையில் சில்லுகளும் அவற்றுக்குள்ளேயே அமைந்த முடிவுத்தடையும் இருந்து குறிப்பை எதிரொலிக்கவிடாமல் உள்வாங்கிக்கொள்ளும். 2133 போன்ற குறைந்த வேகங்களில் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகலாம். ஆனால் வேகமான ஸ்டிக்கை வாங்கி ஏ1, பி1 ஸ்லாட்டுகளில் செருகியவர், அது அறிவித்த வேகத்தில் நிலையாக இயங்க மறுப்பதற்குக் காரணம் புரியாமல் ரேமைக் கடைக்காரரிடம் திருப்பித் தர நேர்கிறது. பெரிய காற்றுக் குளிர்விப்பான்கள் முதல் ஸ்லாட்டின் மேல் படிந்து நிற்பது வழக்கம் என்பதால், அதைக் காலியாக விடுவதில் இடவசதியும் உண்டு.

டி டோபாலஜி என்ற மற்றொரு முறையில் கம்பி நடுவில் கிளைபிரிந்து இரண்டு ஸ்லாட்டுகளையும் சம தூரத்தில் அடைகிறது. நான்கு ஸ்டிக்குகளையும் செருகுபவருக்கு ஏற்றது இது. இரண்டு மட்டும் செருகும்போது காலிக் கிளை வெற்றுக் கம்பியாக நின்று வேகத்தைக் கட்டுப்படுத்தும். வேகமான நினைவகத்தை வாங்குவோர் பெரும்பாலும் இரண்டு ஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்வதால் இந்த முறை இப்போது அருகிவருகிறது.

நான்கையும் நிரப்புவதற்கு ஒரு விலை உண்டு. ஒரே கம்பியில் இரண்டு ஸ்டிக்குகள் தொங்கும்போது கட்டுப்படுத்தி சுமக்க வேண்டிய மின்சுமை கூடி, குறிப்பின் கூர்மை மழுங்குகிறது. டிடிஆர்5இல் இது மிகக் கடுமையாகத் தெரிகிறது: ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 5200 வேகத்தை உறுதியளிக்கும்போது, நான்கு ஸ்டிக்குகளுக்கு அதிகாரபூர்வமாக உறுதியளிப்பது 3600 மட்டுமே. முதலில் இரண்டு 16 ஜிபி வாங்கி, பிறகு வசதிப்படும்போது இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுவோர், அந்தச் சேர்ப்பு வேகத்தைக் குறைக்கக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். 64 ஜிபி தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால், இரண்டு 32 ஜிபி ஸ்டிக்குகளை ஒரே முறையாக வாங்குவது மேலானது.

ஸ்டிக்குக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு சேனலின் 64 கம்பிகளையும் ஒருசேர நிரப்பப் போதுமான சில்லுகளின் கூட்டத்துக்கு ரேங்க் என்று பெயர். ஒவ்வொரு சில்லும் 8 கம்பிகளைத் தாங்கினால் எட்டுச் சில்லுகள் ஒரு ரேங்க். பதினாறு சில்லுகள் இருந்தால் அதே ஸ்டிக்கில் இரண்டு ரேங்க். இரண்டு ரேங்க்குகளும் ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால் வழி அகலமாவதில்லை. ஆனால் ஒரு ரேங்க் அடுத்த வரிசையைத் திறக்கவோ மின்னூட்டத்தைப் புதுப்பிக்கவோ நேரம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கட்டுப்படுத்தி மற்றதிடம் வேலை வாங்கலாம் என்பதால், கம்பிகள் சும்மா இருக்கும் நேரம் குறைகிறது. ஸ்டிக்கின் லேபிளில் 1ஆர்x8, 2ஆர்x8 என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் ரேங்க்கையும் கடைசி எண் ஒரு சில்லு தாங்கும் கம்பிகளையும் சொல்கின்றன.

டிடிஆர்5 இந்தப் படத்தைச் சற்று மாற்றியது. 64 கம்பிகள் கொண்ட சேனலை அது 32 கம்பிகள் கொண்ட இரண்டு துணைச் சேனல்களாகப் பிரித்து, இரண்டையும் ஒரே ஸ்டிக்குக்குள் வைத்தது. டிடிஆர்4இல் 64 கம்பிகளில் தொடர்ந்து எட்டு நகர்வுகள் நிகழ்ந்தால் 64 பைட் கிடைக்கும். டிடிஆர்5இல் 32 கம்பிகளில் பதினாறு நகர்வுகள் நிகழ்ந்தால் அதே 64 பைட், அதாவது முன்பு சொன்ன கேஷ் கட்டின் சரியான அளவு. இதனால் ஒரே ஸ்டிக் இரண்டு வெவ்வேறு கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கவனிக்க முடிகிறது. இந்த ஏற்பாட்டைக் காட்டி, டிடிஆர்5இல் ஒற்றை ஸ்டிக்கே இரட்டைச் சேனல் என்று சில கடைகளில் சொல்லப்படுவது உண்மைக்குப் புறம்பானது. மொத்த அகலம் பழைய 64 பிட்தான்; 128 பிட் கிடைக்க இப்போதும் இரண்டு ஸ்டிக்குகள் தேவை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டிடிஆர்5இன் 8 ஜிபி ஸ்டிக்குகள் பொதுவாக 16 கம்பிகள் தாங்கும் நான்கு சில்லுகளால் ஆனவை, அந்தச் சில்லுகளில் உட்பிரிவுகள் குறைவு என்பதால், ஒரே வேகம் எழுதப்பட்டிருந்தாலும் 16 ஜிபி ஸ்டிக்கைவிட அவை பின்தங்குகின்றன. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள் என்றாலும் நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது நுழையாது. போர்டு எதற்கானது என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெவ்வேறு கொள்ளளவுள்ள ஸ்டிக்குகளை இரு சேனல்களில் செருகினால் என்ன ஆகும் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஒரு பக்கம் 8 ஜிபி, மறுபக்கம் 4 ஜிபி இருந்தால், இரு பக்கங்களிலும் பொருந்தும் நான்கு நான்கு ஜிபி இரட்டைச் சேனலாகவும், மீந்த 4 ஜிபி ஒற்றைச் சேனலாகவும் இயங்கும். வேகங்கள் வேறுபட்டால் மெதுவானதற்கு ஏற்பவே அனைத்தும் இயங்கும். கையிலிருக்கும் பழைய ஸ்டிக்கை வீணாக்காமல் பயன்படுத்த இது உதவும்.

இத்தனை கவனத்துக்கும் கிடைக்கும் பலன் எல்லா வேலைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. கடிதம் தட்டச்சு செய்வதிலும் இணையப் பக்கங்களைப் படிப்பதிலும் வேறுபாடு தெரிவது அரிது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியையே நம்பும் கணினியில் அது மிகப் பெரியது. ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற ஒரு கார்டு தனக்கென வைத்திருக்கும் நினைவகத்திலிருந்து நொடிக்கு 360 ஜிபி பெற முடியும். ரைசன் 5 5600ஜி போன்ற செயலியின் கிராஃபிக்ஸ் பகுதியோ, செயலிக் கருக்களோடு பகிர்ந்துகொள்ளும் 51.2 ஜிபியில் வாழ வேண்டும். அதையும் 25.6ஆகக் குறைத்துவிட்டால் விளையாட்டின் காட்சிகள் தடுமாறுவது தவிர்க்க முடியாதது. இன்டெல் தன் 11ஆம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகளில் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயருக்கு 128 பிட் நினைவகத்தை நிபந்தனையாக வைத்ததும், ஒற்றைச் சேனலில் அதே சில்லு யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று மட்டும் காட்டப்படுவதும் இதனால்தான். தனி கார்டு வாங்கப் பணமில்லாத மாணவர், இருக்கும் பணத்தில் ஒற்றை 16 ஜிபி ஸ்டிக்கை வாங்குவதும் இரண்டு 8 ஜிபி வாங்குவதும் ஒன்றல்ல என்பதை யாராவது எடுத்துச் சொல்வது அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

மொழி மாதிரிகளைத் தம் கணினியிலேயே இயக்கிப் பார்க்கும் ஆர்வம் பெருகியிருக்கும் இந்நாளில் இன்னொரு பயனும் சேர்ந்திருக்கிறது. இத்தகைய மாதிரி ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கும்போதும் தன் எடைகள் ஏறத்தாழ அனைத்தையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். 8 ஜிபி அளவுள்ள மாதிரி என்றால், டிடிஆர்4-3200 ரேமின் ஒற்றைச் சேனலில் நொடிக்கு ஏறத்தாழ மூன்று துண்டுகளும் இரட்டைச் சேனலில் ஆறு துண்டுகளுமே உச்ச வரம்பு. செயலி எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது.

ஸ்டிக்குகளைச் சரியான இடத்தில் செருகியபின் இன்னும் ஒரு வேலை மீதமிருக்கிறது. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் தன் விவரங்களைப் பதிந்து வைத்திருக்கும் ஒரு சிறு சில்லு உண்டு. கணினி தொடங்கும்போது பயாஸ் அதைப் படித்து, பாதுகாப்பான பொதுத்தர வேகத்தையே முதலில் தேர்ந்தெடுக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் கிடைக்க வேண்டுமானால், பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 6000 வேக ஸ்டிக்கை வாங்கி 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் குறைவல்ல. டிடிஆர்5 கணினியில் முதல்முறை மின்சாரம் கொடுத்தபின் திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். கட்டுப்படுத்தி ஒவ்வொரு கம்பியின் நேரத்தையும் அளந்து சரிசெய்துகொள்ளும் பயிற்சிக் கட்டம் அது. அஞ்சிப்போய் இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருக்க வேண்டும்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் ரேமின் வேகத்தையும் நான்கில் எத்தனை ஸ்லாட் நிறைந்திருக்கிறது என்பதையும் காட்டுமே தவிர, எத்தனை சேனல் என்பதைக் காட்டாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெமரி பக்கம் அதைச் சொல்லும்: டிடிஆர்4 எனில் இரண்டு 64 பிட், டிடிஆர்5 எனில் நான்கு 32 பிட் என்று அங்கே தெரிய வேண்டும். பாதி மட்டுமே தெரிந்தால், கணினியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, ஸ்டிக்குகளைக் கையேட்டில் சொன்ன ஸ்லாட்டுகளுக்கு மாற்றி, இருபுறமும் சொடுக்கும் ஓசை கேட்கும்வரை அழுத்திச் செருகிவிட்டு, மறுபடி பார்த்துவிடுங்கள்.